சாலையைக் கடக்கும் முறை

மயிலாப்பூர், சாந்தோம் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: திருவாளர் ஆரோக்கியநாதன் அவர்கள் சாலையைக் கடக்க இருக்கிறார்.

கண்டவர்கள் கடப்பதுபோல அல்ல. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது பங்குக் கோவிலின் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர். குழுவில் வேறு யாரும் இல்லை என்பது தனி விஷயம்.

பாவமன்னிப்புக் கூண்டுக்குப் பக்கத்தில் தீயணைப்பு உருளையை மாட்டவைத்தவர் அவர்தான். அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மணல் வாளி வைத்ததும் அவர்தான். ஃபாதரே மெழுகுவத்தி ஏற்றுமுன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்.

ஞாயிறு சாயங்காலப் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கோவிலை ஒட்டிய நடைபாதை விளிம்பில் ஆரோக்கியநாதன் நின்றார். ஒரு முழம் தள்ளி ஐவி டீச்சர்.

அவருக்கு மனைவி இல்லை. டீச்சருக்குக் கணவர் இல்லை. அந்த இரண்டு பேரும் காலமாகிச் சில வருஷம் ஆகிறது.

அந்த ஒரு முழத்துக்குக் காரணம் உண்டு. நடைபாதையில் விரலோடு விரல் உரசினால்கூட ஆபத்து. கோவில் வாசலில் பேசிக்கொண்டு நிற்பவர்கள் வழியாகச் சேதி அவருக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

போன வாரம் மருமகள் டீனா காப்பியை வைத்துவிட்டு நல்லவிதமாகத்தான் சொன்னாள். நாலு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்களாம், மாமா கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ள வேண்டுமாம்.

இன்னும் நாலு பேர் பேசினால் இந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். வாரத்தில் அவருக்கென்று இருப்பதே அந்த ஒரு நாள்தான்.

ஆனால் நடுரோடு வேறு. பஸ்ஸும் தண்ணி லாரியும் தப்பான திசையில் வரும் பைக்கும் பாய்கிற இடத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு நடவடிக்கை. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

உயிர் போகிற இடத்தில் மானம் போகாது. நம் ஊர்க் கணக்கு அப்படி.

கொஞ்ச தூரத்தில் சிக்னல் இருக்கிறது. அங்கே தவிர வேறெங்கும் கடப்பது தற்கொலைக்குச் சமம் என்று பங்கு இளைஞர்களை உட்காரவைத்து வகுப்பெடுத்தவர் ஆரோக்கியநாதன். அந்த சிக்னலை இப்போதெல்லாம் நம்புவதற்கில்லை என்று டீச்சருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பல்பு, வயரிங், கடல்காற்றில் ஏறும் துரு என்று காரணங்கள் நீண்டன.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். வருஷக்கணக்காகப் பையன்களின் சாக்குப்போக்கைக் கேட்டுப் பழகிய முகம்.

"பயமா இருக்கு சார். கைய புடிச்சுக்குங்க."

பிடித்தார்.

முதலில் மணிக்கட்டை. விதிமுறை அப்படித்தான். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போன பிறகு பார்த்தால் விரல்கள் கோத்திருந்தன. யார் கோத்தது என்று விசாரணைக் கமிஷன் வைக்க நேரமில்லை.

நடுக்கோட்டின் மேல் நின்றார்கள். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி.

ஒரு தரம் வழி கிடைத்தது. ஆரோக்கியநாதன் நகரவில்லை. இன்னொரு தரம் கிடைத்தது. டீச்சர் நகரவில்லை.

தன் உள்ளங்கை வியர்ப்பது அவருக்குத் தெரிந்தது. டீச்சரின் கை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஓர் ஆட்டோ இடிப்பதுபோல வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா பெர்சு, நடுரோட்லயே குடித்தனம் வைக்கப் போறியா? நவுரு."

டீச்சர் குனிந்து சிரித்தார். பாதுகாப்புக் குழுத் தலைவருக்குக் காது சிவந்தது. மறுபடியும் வழி கிடைத்தபோது, வேறு வழியில்லாமல், கடந்தார்கள்.

எதிர்ப்பக்கம் ஏறியதும் கைகள் தாமாகவே பிரிந்தன.

ஷட்டர் இறக்கியிருந்த ஜெராக்ஸ் கடை வாசலில் சற்று நேரம் நின்றார்கள்.

பிறகு ஆரோக்கியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, டிராஃபிக் இன்னும் குறையவில்லை, திரும்பும்போதும் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிவித்தார். டீச்சர் கையை நீட்டினார்.

இரண்டு பேர் வீடும் கோவில் இருக்கிற பக்கம்தான்.