வரிசையில் முதல் ஆள்

லட்சுமி சேதுபதியின் பெரிய கார் கான்வென்ட் வாசலில் வந்து நின்றதும் அமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்துட்டாங்க பாரு, இந்த வருஷமும்!" என்றாள், பக்கத்திலிருந்த சுதாவிடம்.

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. படிப்பை முடித்துப் போன பெண்கள் பெட்டியில் போட்டுவிட்டுச் சென்ற யூனிஃபார்ம்களைத் துவைத்து, அயர்ன் பண்ணி, ஹாலில் மாட்டி வைப்பது அம்மாக்கள் குழுவின் வேலை. வேண்டியவர்கள் வரிசையில் வந்து சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். குழுவுக்குத் தலைவி அமலா. அறுந்த பட்டனையெல்லாம் தைத்துத் தைத்து அவள் விரல் நுனி புண்ணாகியிருந்தது.

லட்சுமியோ தேக்கா கடைவீதியில் இரண்டு நகைக்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரி. இந்த ஹாலுக்கு ஏர்கான் போட்டுக் கொடுத்ததே அவள்தான். அப்படிப்பட்டவள் மகள் ரக்ஷனாவையும் கூட்டிக்கொண்டு வந்து, கதவு திறந்ததும் முதல் ஆளாக நின்று, யாரோ போட்டுக் கழித்த பினஃபோர் கவுனைப் பொறுக்கினால் வயிறு எரியாதா?

"ஏர்கானுக்குக் கொடுத்ததை இதுல பிடிக்கிறாங்க போல" என்று சுதா சிரித்தாள்.

அமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹால் வாசலில் ஒரு அப்பாவும் மகளும் உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார்கள். செம்பவாங்கிலிருந்து வந்த ரத்னவேல். ஷிப்யார்டில் வேலை போய்விட்டது. மகள் சக்தி இந்த வருஷம்தான் இங்கே உயர்நிலை முதல் வகுப்பான செகண்டரி ஒன்னில் சேருகிறாள்.

"உள்ள வாம்மா. ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போயிடலாம்" என்று அவர் கெஞ்சினார்.

"வேணாம்ப்பா. முதல் நாளே ஓசி யூனிஃபார்ம்னு பேர் வாங்கணுமா? அதுக்கு இந்த ஸ்கூலே எனக்கு வேணாம் லா."

அமலாவும் போய்க் கூப்பிட்டுப் பார்த்திருந்தாள். "வெட்கப்படக் கூடாது கண்ணு. உன்ன மாதிரிப் பிள்ளைங்களுக்காகத்தானே ஆன்டி இவ்வளவு பாடுபடறேன்?"

சக்தி இன்னும் ஓரடி பின்னால் போனதுதான் மிச்சம்.

உள்ளே லட்சுமி ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தாள். "ரக்ஷு, இதப் பாரு! போன வருஷம் இங்க எடுத்ததை விட நல்லா இருக்கு."

"லென்த் ஓகேம்மா. இருங்க, போட்டுப் பார்க்கிறேன்."

ரக்ஷனா டீ-ஷர்ட்டுக்கு மேலேயே பினஃபோரை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். ப்ரீஃபெக்ட், நெட்பால் கேப்டன், பள்ளிக்கே செல்லப்பிள்ளை. அவள் படம் நோட்டீஸ் போர்டில் இருப்பதை வரும்போதே சக்தி பார்த்திருந்தாள். மெல்ல உள்ளே வந்தாள். தன் அளவில் ஒன்றைத் தேடி அதன் மேல் கை வைத்தாள்.

அமலா அதைக் கவனிக்கவில்லை. லட்சுமி இரண்டாவதாக ஒன்றையும் எடுத்துப் பையில் போட்டதுதான் அவள் கண்ணில் பட்டது. அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மிஸஸ் சேதுபதி! கொஞ்சமாவது மனசு வேணாமா? இது இல்லாதப்பட்டவங்களுக்குன்னு வச்சது. வாங்க வழியில்லாத பிள்ளைங்கதான் இங்க எடுக்கணும்!"

வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சக்தி தீயைத் தொட்டவள் மாதிரி கையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

"போலாம்ப்பா."

லட்சுமிக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், அவள் கண் கலங்கியிருந்தது. அமலாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க அமலா! நான் எடுக்கிறதுக்குப் பதிலா புதுசு வாங்கி, துவைச்சு, உங்க பெட்டியிலதான் போடறேன். நானும் இந்த ஸ்கூல்லதான் படிச்சேன், வழியில்லாத பிள்ளையா. அப்பவும் இந்த வரிசை உண்டு. முதல்ல போய் நிக்க யாருக்கும் தைரியம் வராது, எனக்கும் வரல. கிழிஞ்சதையே போட்டுக்கிட்டு வருஷத்தை ஓட்டினேன். யாராவது ஒருத்தர் நின்னுட்டா பின்னாடி வந்துடுவாங்க. அதான் நாங்க நிக்கிறோம்."

அமலாவுக்குப் பழைய வருஷங்கள் நினைவுக்கு வந்தன. இவர்கள் வர ஆரம்பிப்பதற்கு முன்னால், மாட்டி வைத்ததெல்லாம் அப்படியே மூட்டையாகத் திரும்பிப் போகும். அப்புறம் கூட்டம் வந்ததற்குக் காரணம் தான் ஒட்டிய போஸ்டர் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவமானம் பிடுங்கித் தின்றது.

வெளியே ரத்னவேலும் சக்தியும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூலையில் அமலாவின் மகள் ரோஸ்லின் ஹேங்கர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் இந்தப் பள்ளிதான். ஏழைகள் பங்கில் கை வைக்கக் கூடாது என்று, அவளுக்கு வருஷா வருஷம் கடையில் புதிதாக வாங்குவது அமலாவின் வழக்கம். அதில் அமலாவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அமலா தொண்டையைச் செருமினாள். முன்னே கத்தியதை விட உரக்கக் கத்தினாள்.

"ரோஸ்லின்! அதை வச்சிட்டு வாடி. ரக்ஷனா அக்கா பின்னாடி போய் நில்லு. இந்த வருஷம் உனக்கும் இங்கதான் யூனிஃபார்ம்!"

"அம்மா, எனக்குத்தான் ஏற்கெனவே புதுசு..."

"சொன்னதைச் செய்!"

ரோஸ்லின் முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றாள். படியில் சக்தி திரும்பிப் பார்த்தாள்.

இந்தத் தடவை அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே உள்ளே வந்து ரோஸ்லினுக்குப் பின்னால் நின்றாள்.