சின்னவரின் சப்பாத்து

தேய்ந்த அடியைப் பார்த்தாலே போதும், போட்டவரின் நடையைச் சொல்லிவிடுவார் கம்பளை நகரில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் ஹுதைபா. அவருடைய கணிப்பு இதுவரை தப்பியதில்லை.

ஜனவரியில் மரிசெல் வந்தாள். ஹேவாஹெட்ட ஊர்ச் சதீஸைக் கட்டிக்கொண்டு வந்த பிலிப்பைன்ஸ்காரி. திருவிழாவுக்குத் தன் வீட்டுக் குழந்தை இயேசு சிலைக்கு விரல் நீளத்தில் புதுச் சப்பாத்து வேண்டுமாம். போன வருடமும் ஹுதைபாதான் தைத்துக் கொடுத்தார்.

"வருஷா வருஷம் எதுக்குத் தங்கச்சி புதுசு?"

"சின்னவரு, அதான் குழந்தை இயேசு, ராத்திரில பீடத்துலருந்து எறங்கி ஊரைச் சுத்தி நடப்பாருன்னு எங்க ஊர்ல ஒரு கதை, நானா. அதுல சப்பாத்து தேஞ்சிருமாம்."

சிரித்துக்கொண்டே, அவள் கொண்டுவந்திருந்த போன வருடச் சோடியைப் புரட்டினார். வலதில் குதிகால் சீராகத் தேய்ந்திருந்தது. இடதில் நுனி மட்டும் உராய்ந்திருந்தது. காலை இழுத்து இழுத்து நடந்த தேய்வு.

ஹுதைபாவின் சிரிப்பு நின்றது. சிலைதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று போன வருடம் இரண்டையும் வலது கால் அச்சிலேயே வெட்டியிருந்தார்.

அன்றே இடது காலுக்குத் தனி அச்சுச் செதுக்கினார். அடிக்கு டயர் ரப்பர் வைத்துத் தைத்தார்.

"இனிக் கடிக்காது," என்று சோடியை நீட்டினார். "கடிச்சா, அவரையே நேரா இங்க வரச் சொல்லுங்க."