அட்டையில் இல்லாத பெயர்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. கல்லாவியில் காலையிலிருந்தே விட்டுவிட்டுச் சாரல்.

இரண்டாம் ஷிப்டுக்காக ஓசூர் செல்லும் கம்பெனிப் பேருந்தில் சௌமியா ஏறினார். “கணக்கெடுக்க வந்த மேடம்” என்று சொல்லி, ஓட்டுநர் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்.

சௌமியா கல்வி ஆராய்ச்சியாளர். தொழிலாளர்களுக்குப் பாடங்கள் எழுதி, எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ள இணையத்தில் வைப்பதே அவருடைய பன்னிரண்டு ஆண்டுப் பணி. ஆனால், வெர்னியர் அளவியைப் படிப்பது எப்படி என்ற பாடத்தை இதுவரை பதிவிறக்கியவர்கள் நாற்பத்தொரு பேர்தாம். படிக்கிறவர்களைக் காட்டாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு திட்டத்தை மூடிவிடுவோம் என்று நிதிக்குழு சொல்லிவிட்டது. ஆள் தேடித்தான் இந்தப் பயணம்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. பேருந்து நகர்ந்ததும் அதில் வேலைக்குப் போகும் ஐம்பது பெண்களும் ஆளுக்கொரு ஜெராக்ஸ் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தார்கள். முனிலட்சுமி என்பவள் கம்பியைப் பிடித்து நின்றபடி கேள்வி கேட்க, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் விடைகள் பறந்தன. தவறாகச் சொன்னவர் அடுத்த வேகத்தடை வரை நின்றுகொண்டே வர வேண்டும் என்பது அந்தப் பேருந்தின் சட்டம்.

எட்டிப் பார்த்த சௌமியாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் எழுதிய பாடம். அவர் வரைந்த படம். துள்ளிக் குதிக்காத குறையாக ஒரு புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தார்.

அவர் பெயர் இல்லை. உள்ளேயும் இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், ‘பிழை இருந்தால்: முனிலட்சுமி’ என்று ஒரு கைப்பேசி எண்.

வந்த மகிழ்ச்சி அப்படியே கோபமாகத் திரும்பியது.

“இது எங்கே கிடைத்தது?”

“நெட்லீங்க மேடம். நான் ஒருத்தி இறக்கி முந்நூறு காப்பி போட்டேன்.”

“எழுதியவர் பெயரைக் கட்டாயம் போட வேண்டும் என்று அதில் இருந்ததே. அதை எடுத்தால் திருட்டு இல்லையா?”

“மாட்டிக்கினியா லட்சுமி?” என்றாள் பின்னாலிருந்து கெம்பம்மா.

முனிலட்சுமி பதறவில்லை, ஏழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“இங்க விடை 24.14 வரணுங்க. அவங்க 24.7-ன்னு போட்டுட்டாங்க. அதை நம்பிப் போய் நாங்க பதினோரு பேரு கம்பெனி டெஸ்ட்டுல ஃபெயிலு. எல்லாரும் அந்தம்மாவ வாய்க்கு வந்தபடி திட்டுனாங்க. ஓசியில எழுதிக் குடுத்த மனுசி பாவம், எதுக்கு வசவு வாங்கணும்? அதான் திருத்திட்டு, அவங்க பேர எடுத்துட்டு என் நம்பரப் போட்டுட்டேன். திட்டுறவங்க என்னையே திட்டட்டும்.”

சௌமியா அந்தக் கணக்கை ஒருமுறை பார்த்தார், மறுமுறையும் பார்த்தார். பிறகு இருக்கையை விட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் மேடம் எழுந்துட்டீங்க?”

“அந்தம்மா நான்தான். அடுத்த வேகத்தடை எங்கே வருகிறது?”

சிரிப்பு அடங்குவதற்குள் மூன்று வேகத்தடைகள் கடந்து போயின.

வெள்ளிக்கிழமை நிதிக்குழு அந்த முந்நூறு பிரதிகளைக் கணக்கில் கொண்டு, திட்டத்தை இரண்டாண்டு நீட்டித்தது. இணையத்தில் விடை திருத்தப்பட்டது. திருத்தியவர் முனிலட்சுமி என்ற குறிப்பும் சேர்ந்தது. அடுத்து வந்த ஜெராக்ஸ் புத்தகத்தின் அட்டையில் சௌமியாவின் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ‘பிழை இருந்தால்’ என்பதற்கு நேரே இருந்ததும் அவருடைய எண்தான். அந்த இடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.