அக்கரையிலிருந்து வந்த குண்டு

"மாமா! எதிரி ஆத்தத் தாண்டிட்டான்!" மொட்டை மாடியிலிருந்து பாக்யராஜ் கத்தினார்.

"எத்தினி பேரு?" கீழேயிருந்து ஆதிமூலம் கேட்டார்.

"ஒரே வண்டிதான். முன்னாடி குந்திக்கினு இருக்கறவரு மடியில பழத்தட்டு இருக்குது."

ஆதிமூலம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் வாசல் கேட்டைச் சாத்தினார். மனைவி விஜயராணி பின்னாலேயே போய்த் திறந்துவிட்டார்.

குருவிநத்தத்துக்குத் தெற்கே தென்பெண்ணை ஆறு ஓடுகிறது. இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை கடலூர். முன்னொரு காலத்தில் இந்தக் கரை பிரெஞ்சுக்காரனிடமும் அந்தக் கரை இங்கிலீஷ்காரனிடமும் இருந்தன. இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆதிமூலம் மட்டும் இன்னும் சண்டையை நிறுத்தவில்லை.

இருநூற்று எழுபது வருஷங்களுக்கு முன்னால் அந்த இரண்டு பேருக்கும் நடுவே நடந்த பாகூர்ச் சண்டையில் ஆதிமூலத்தின் மூதாதை ஒருவர் இங்கிலீஷ்காரனின் குண்டடி பட்டுச் செத்துப்போனாராம். அதனால் அந்த வீட்டில் டீ போடுவதில்லை, காப்பிதான். கிரிக்கெட் பார்ப்பதில்லை, ஃபுட்பால்தான். மகள் சுவேதா ஒரு கடலூர்ப் பையனைக் காதலித்ததுதான் அந்த வீட்டில் நடந்த முதல் தேசத்துரோகம்.

பையன் கலைவேந்தனும் அவனுடைய அப்பா அன்புராஜும் வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். எதிரே, கேசரியும் பஜ்ஜியும் நிறைந்த தட்டோடு பாக்யராஜ் உட்கார்ந்திருந்தார். விஜயராணியின் தம்பி, இதே கரையில் வடக்கே இருக்கிற பாகூர்க்காரர்.

"மொதல்லயே சொல்லிடறேன்," என்றார் ஆதிமூலம். "இங்கிலீஷ்காரனுக்கு இந்த வூட்ல பஜ்ஜி கெடையாது."

அன்புராஜ் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "நான் கடலூர்ல டயர் கடை வச்சிருக்கேங்க."

"கடலூர் யாரு கையில இருந்துச்சு?"

"இங்கிலீஷ்காரன் கையில."

"அப்ப நீங்க யாரு?"

"அப்படிக் கேளு மாமா!" என்று பாக்யராஜ் இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். "எங்க ஊர்ல வந்து பீரங்கி வச்சவனுங்க. இப்ப சல்லிசா பெட்ரோல் போட மட்டும் நம்மாண்ட வரானுங்க."

அன்புராஜ் மெதுவாகக் கேட்டார். "செத்தவரு பட்டாளத்துல இருந்தாருங்களா?"

"ஒரு பட்டாளமும் இல்ல. இதோ, இந்த வூடு இருக்குதே, இதே எடத்துல செவனேன்னு ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. ஆத்துக்கு அந்தாண்டயிருந்து சுட்டானுங்க. அப்படியே உழுந்துட்டாரு."

ஆதிமூலம் நேற்று நடந்ததுபோலத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்புராஜ் எழுந்து கைகூப்பினார். "எங்காளுங்க பண்ணது தப்புதாங்க. புள்ளைங்க மூஞ்சிக்காக மன்னிச்சிடுங்க."

"நீங்க கேட்டா ஆச்சா? லண்டன்லேர்ந்து ராஜா கையெழுத்து போட்டு அனுப்பட்டும். அதுவரைக்கும் பொண்ணு கெடையாது."

சுவேதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கலைவேந்தன் போனை எடுத்து, ராஜாவின் விலாசத்தைத் தேட ஆரம்பித்தான்.

பேச்சை மாற்ற அன்புராஜ் ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தார். "தென்னை இந்தக் காய் காய்ச்சிருக்குதே! இன்னா உரங்க போடறீங்க?"

ஆதிமூலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. தென்னையைப் பற்றிக் கேட்டால் எதிரிக்கும் பதில் சொல்லுவார். "உரமா? அத்தினியும் வண்டலு! பின்னாடி நீட்டா ஒரு பள்ளம் தெரியுதா? அதான் பழைய ஆறு."

விளக்கிக் காட்டுவதற்காகப் பாக்யராஜின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கேசரியைத் தட்டையாகப் பரப்பி, நடுவில் ஒரு முந்திரியை வைத்தார். "முந்திரிதான் நம்ம வூடு." முந்திரிக்கு வடக்கே விரலால் வளைவாக ஒரு கோடு கிழித்தார்.

ஆறு வளைகிற இடத்தில் வெளிக்கரைப் பக்கம் தண்ணீர் வேகமாகப் போய் மண்ணை அரிக்கும். உள்கரைப் பக்கம் மெதுவாகப் போய் வண்டலைப் படியவிடும். வளைவு பெருத்துக்கொண்டே போகும். என்றாவது ஒரு பெருவெள்ளம் வந்தால் ஆறு சுற்றிப் போகச் சலித்து, குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக ஓடிவிடும்.

"அப்படித்தான் எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல ஒரே ராத்திரியில இப்படித் தாவிச்சு." முந்திரிக்குத் தெற்கே நேராக இன்னொரு கோடு கிழித்தார். "சர்க்காருங்களும் புது ஆத்தையே எல்லைன்னு வச்சிக்கினாங்க. வண்டலு நமக்கு லாபம்."

சுவேதா கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த வெள்ளம் சண்டைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான்டி. ரொம்பப் பின்னாடி."

"அப்ப சண்டை அன்னைக்கு ஆறு நம்ம வூட்டுக்கு வடக்க ஓடுச்சு. நாம தெக்குக் கரை."

"ஆமா. அதுக்கின்னா?"

"ஆத்துக்கு அந்தாண்டயிருந்துதான சுட்டாங்க?"

சுவேதா பழைய ஆற்றுக்கு வடக்கே விரலை வைத்தாள். அங்கே, பாகூர் இருக்க வேண்டிய இடத்தில், பாக்யராஜ் கடித்துவைத்த பஜ்ஜி கிடந்தது.

ஆதிமூலம் முந்திரியைப் பார்த்தார். பஜ்ஜியைப் பார்த்தார். அவருடைய உதடுகள் எதையோ இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தன.

பிறகு எழுந்துபோய் அன்புராஜை இறுகக் கட்டிக்கொண்டார். "சம்பந்தி! ராணி, கடையில டீத்தூள் வாங்கியாரச் சொல்லு!"

சுவேதா அழுதுகொண்டே சிரித்தாள். பாக்யராஜும் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, மீதிப் பஜ்ஜிக்காகக் கையை நீட்டினார்.

ஆதிமூலம் தட்டைப் பிடுங்கிக்கொண்டார். "கைய எட்றா! பிரெஞ்சுக்காரனுக்கு இந்த வூட்ல பஜ்ஜி கெடையாது!"