உயரமான படி

ஸ்காட்லாந்து மழை சற்றே ஓய்ந்த மத்தியானம். அம்பு விடும் துளை வழியே வந்த சாம்பல் வெளிச்சம் கோட்டைக் கோபுரப் படிகளில் சோர்ந்து கிடக்கிறது. சுற்றுலாக் கூட்டத்தின் ஈரக் காலணிகள் சளக் சளக்கென்று மேலேறுகின்றன. கூட்டத்தை விட்டுச் சற்றுப் பிந்தி வருகிறாள் கிரிசல். கோட்டை கைமாறும்வரை இதுதான் அவள் வீடு. "நம்ம வீட்டுக்கு நாமளே டிக்கெட் எடுத்துட்டு வர்றோம் பாரு," என்று பின்னால் மூச்சிரைக்கிறான் தம்பி டார்க்வில். "சும்மா வாடா, முட்டி வலிக்குது." வளைவில் அவள் கால் தானாக உயர்கிறது. இங்கே ஒரு படி மட்டும் கூடுதல் உயரம். ஓடி ஏறும் பகைவன் இடறி விழட்டும் என்று முன்னோர் கட்டியது. வீட்டுப் பிள்ளைகளின் கால்களுக்கு அது அத்துப்படி. தூக்கிய கால் இறங்குகிறது, இறங்குகிறது. கல் அங்கே இல்லை. தடுமாறி முழங்கால் மோத, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுகிறாள். மேலிருந்து வழிகாட்டிப் பெண் எட்டிப் பார்க்கிறாள். "ஐயோ, பாத்து வாங்கம்மா! அந்தப் பொல்லாத படியத்தான் சமமாக்கிட்டோமே, இப்பல்லாம் இங்க யாரும் விழறதில்லையே!" கிரிசல் உள்ளங்கையில் ஒட்டிய புதுச் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டார்க்வில் மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்கிறான். "படி போயும் வேத்து ஆளச் சரியாக் கண்டுபுடிச்சிருச்சு, அக்கா."