தாத்தா போட்ட கையெழுத்து

ஜெயசீலனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரி, நெற்றி விபூதியைத் தொட்டு, “முருகா, நீதான் துணை” என்று முணுமுணுத்தாள்.

பெயர் இந்திராணி. பிறந்தது காரைக்கால். முப்பத்தோரு வருடமாக டில்லியில் மத்திய அரசு குமாஸ்தா. வாசம் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்ட பாவத்துக்கு, குடியுரிமைத் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரி ஜெயசீலனிடம் வந்து மாட்டிக்கொண்டாள்.

“அறுபத்திரண்டுல பிரெஞ்சுக்காரன் ஊரை நம்மகிட்ட ஒப்படைச்சப்போ, நான் பிரெஞ்சுக் குடிமகனாவே இருக்கேன்னு உங்க தாத்தா கையெழுத்துப் போட்டிருக்கார். பட்டியல்ல பேர் இருக்கு. முடிஞ்சுதும்மா கதை.”

“அவர் போட்டா நான் என்ன சார் பண்ணுவேன்? பிரெஞ்சுத் தூதரகத்துல போய்க் கேட்டா, நான் அவங்க ஆளும் இல்லையாம்.”

உண்மைதான். ஆறு மாதமாக இரண்டு அரசாங்கமும் ‘தங்கள் மேலான கவனத்துக்கு, மிகுந்த மரியாதையுடன்’ என்று எழுதி எழுதி, அந்த அம்மாளை அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்தன. மரியாதைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

“வேலை போயிடும் சார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. இந்த வயசுல நான் எங்கே போவேன்?” குரல் உடைந்துவிட்டது.

ஜெயசீலனாவது மசிவதாவது! மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த மீசைக்காரர் படத்தைத் தட்டிக் காட்டினார். “நானும் காரைக்கால்தாம்மா. இவர் எங்க தாத்தா சிங்காரவேலு. பிரெஞ்சுக்காரனோட சைகோன் பட்டாளத்துல மெடல் வாங்கினவர். இந்தக் கறார் குணம் அவர் குடுத்த சொத்து. ரூல்னா ரூல்தான்.”

இந்திராணி அந்தப் படத்தையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்த ரூல் எனக்கு மட்டுமா சார், எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான். என் சொந்தக்காரனே ஆனாலும்!”

“அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார்.”

அடடா, என்ன அடக்கம்! ஜெயசீலன் குஷியாக எழுதினார். பட்டியலில் உள்ளவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவரும் வெளிநாட்டவரே. அரசு வேலையில் இருந்தால் இன்றோடு நீக்கம். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, பியூனைக் கூப்பிட்டார். “பையா, ஜல்தி! மேலிடத்துக்கு.” ஃபைல் போயே போய்விட்டது.

இந்திராணி கைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துப் பிரித்தாள். “உங்க ஃபைல்ல எங்க தாத்தா பேர் இருக்கிற வரி மட்டும்தானே சார் இருந்துது? நான் ஆர்.டி.ஐ. போட்டு முழுப் பட்டியலையும் வாங்கினேன்.”

அவள் விரல் வைத்த இடத்தில், அவளுடைய தாத்தா பெயருக்கு நேர் மேல் வரியை ஜெயசீலன் படித்தார். சிங்காரவேலு, ஓய்வுபெற்ற சிப்பாய், சைகோன்.

“ஆட்டோ பிடிக்கட்டுமா சார்? தூதரகத்துக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிடலாம்.”