கை நனைக்காத சாலோமி

“எனக்கு வேண்டாம் மதினி.”

பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தாள் பக்கத்து வீட்டு நர்ஸ் சாலோமி. காபியையும் தொடவில்லை.

சொர்ணாம்பாளுக்குச் சுருக்கென்றது. போன வாரம் குழாயடியில் ரெண்டு வார்த்தை கூடிப்போனது நிஜம்தான். அதுக்காக இந்த வீட்டில் கை நனைக்க மாட்டாளாமா?

தெருவே அன்று சொர்ணாம்பாள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. மகள் அனுராதாவுக்கு இன்ஜினியரிங் கடைசி வருஷ ப்ராஜெக்ட். காலேஜ் கம்ப்யூட்டரில் வீடியோவைச் சுருக்கி, கேசட்டில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“சுருக்கச் சுருக்கப் படம் கெடும். எதுவரைக்கும் சுருக்கலாம்னு மிஷின் சொல்லாது, பாக்குற நீங்கதான் சொல்லணும். படம் தெளிவா இருந்தா அஞ்சு, சகிக்கலைன்னா ஒண்ணு. மனசுல பட்டதைச் சீட்டுல போடுங்க. இதை வச்சுத்தான் திங்கக்கிழமை எனக்கு மார்க்கு.”

மூன்றாவது படத்தில் குறுக்குத்துறை ஆறு, கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஓடியது.

“கண்ணாடி மாதிரில்லா இருக்கு. மீன் துள்ளுறதுகூடத் தெரியுதுவே,” என்றார் பூதலிங்கம் அண்ணாச்சி, வாய் நிறைய வாழைக்காய் பஜ்ஜியோடு.

“எங்க வீட்டு டிவியில இம்புட்டுத் தெளிவு கிடையாது,” என்றாள் மஹ்மூதா பீவி, இரண்டாவது காபியை ஆற்றிக்கொண்டே.

எல்லார் சீட்டிலும் அஞ்சு. சாலோமி மட்டும் ஒண்ணு.

சீட்டு வாங்கும்போதே சொர்ணாம்பாள் பார்த்துவிட்டாள். கூட்டம் கலைகிற வரைக்கும் அடுப்படியில் பொருமிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தால், அனுராதா சீட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு அழாக்குறையாக இருக்கிறாள்.

“விடுட்டி. குழாயடிக் கோவத்தை ஒருத்தி உன் படிப்புல காட்டிட்டா. மத்தவங்க அஞ்சு போட்டிருக்காவல்லா?”

“அதாம்மா அழுகை வருது. எல்லாரும் சரியாப் பாக்குறாங்களான்னு தெரிய, அந்த ஆத்தை நான் வேணும்னே கெடுத்து வச்சிருந்தேன். அதுக்கே அஞ்சுன்னா, சார் எல்லாத்தையும் குப்பையில போட்டிருவாரு. உருப்படியா தேறுனது சாலோமி அக்கா சீட்டு ஒண்ணுதான்.”

சொர்ணாம்பாள் திரும்பினாள். சாலோமி இன்னும் போகவில்லை. வாசல்படியிலேயே நின்றிருந்தாள்.

“அழாத பிள்ள. நாளைக்கு எங்க ஆஸ்பத்திரி நர்ஸுகளைக் கூட்டிட்டு வாரேன், திரும்பப் போட்டுக் காட்டு. ஆனா மதினி, படம் முடியுத மட்டும் நீங்க அடுப்பைப் பத்த வைக்காதிய.”

“எதுக்கு?”

“உங்க பஜ்ஜியைத் தின்ன வாயி குறை சொல்லுமா? அதாம் பசியோட உக்காந்திருந்தேன். மார்க்குப் போட்டாச்சுல்லா, இப்பம் அந்தத் தட்டை இங்கன தள்ளுங்க.”